'ஆலு' என்றால் என்ன? 20 மாதக் குழந்தையின் பேச்சு பற்றி ஓர் அம்மாவுக்குப் பதில்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். எங்கள் மகளுக்கு 20 மாதம். நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். பகல் முழுக்க ஆயாம்மாதான். அவர் கன்னடக்காரர். வீட்டில் தமிழ் பேசுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்தி பேசுகிறார்கள். மகள் தெளிவாகச் சொல்வது அம்மா, அப்பா, தாத்தா, மம்மு, காக்கா, டாட்டா ஆகிய ஆறு சொற்கள்தான். மற்றபடி 'ஆலு ஆலு', 'பா பா', 'பேடா' என்று பொருளில்லாமல் ஏதோ சொல்கிறாள். நாங்கள் சொன்னால் புரிந்துகொள்கிறாள்; வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாள். ஆனால் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை. போனில் பாட்டுப் போட்டால்தான் சாப்பிட வாயைத் திறக்கிறாள். சாப்பாடு குறைவு என்பதால் நான்கு புட்டி பால் கொடுக்கிறோம். சேர்க்கப்போகும் பிளே ஸ்கூலில், 'மொழி அதிகமாகிக் குழம்பிவிட்டாள், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்' என்றார்கள். கணவர் ஃபிளாஷ் கார்டும் ஒரு கற்றல் ஆப்பும் வாங்கியிருக்கிறார். மாமியார், 'இவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், நாக்குல வசம்பு தடவு' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். இந்த மாதத்துக்குள் குழந்தையின் காதைப் பரிசோதித்துவிடுங்கள். மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

இன்னொன்றையும் உடனே பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் 'பொருளில்லாமல் ஏதோ' என்று எழுதியிருக்கும் மூன்று சொற்களைப் பாருங்கள்: ஆலு, பா, பேடா. பகலில் பத்து மணி நேரத்துக்கு மேல் அவள் கேட்பது கன்னடம். கன்னடத்தில் பாலுக்கு 'ஹாலு'. பேச்சுவழக்கில், முக்கியமாகக் கிராமத்துப் பேச்சில், அந்த 'ஹ' உதிர்ந்து 'ஆலு' ஆகிவிடும். 'பா' என்றால் 'வா'. 'பேட' என்றால் 'வேண்டாம்'. தமிழில் பகரம் வரும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரமாகின்றன: பல் ஹல்லு, பூ ஹூவு, போ ஹோகு. அதனால்தான் தமிழ்க் காதுக்கு ஆலு பாலாகத் தெரியவில்லை. ஆனால் உறுதி செய்யாமல் கணக்கில் எழுத வேண்டாம். பக்கத்து வீட்டு இந்தியில் 'ஆலு' உருளைக்கிழங்கு. அவள் புட்டியைப் பார்த்துச் சொல்கிறாளா, கறிக்கூடையைப் பார்த்துச் சொல்கிறாளா என்று கவனியுங்கள். 'பா'வைக் கையசைத்துக் கூப்பிடும்போது சொல்கிறாளா, 'பேடா'வைத் தட்டைத் தள்ளும்போது சொல்கிறாளா என்று ஆயாம்மாவிடம் கேளுங்கள். அவருக்கு இதைப்போல இன்னும் நான்கைந்து தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு மூன்று மொழிக்கு நடுவே வளரும் குழந்தையின் சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும். தமிழை மட்டும் எண்ணினால் பாதிக் குழந்தையைத்தான் அளந்திருப்போம். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, அவள் சொன்ன ஒலி, அவள் குறித்த பொருள், யாரிடம் சொன்னாள். ஒரே ஒலியை ஒரே பொருளுக்கு, யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாக, மூன்று முறையாவது சொன்னால் அது ஒரு சொல். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. நாயைப் பார்த்து 'பவ் பவ்' என்பதும் சொல்தான். நீங்கள் சொன்னதை உடனே திருப்பிச் சொல்வதும், பாட்டோடு சேர்ந்து முனகுவதும் கணக்கில் வராது. ஒரு வாரம் எழுதினால் உண்மையான எண்ணிக்கை கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதிப் பயனில்லை. ஆயாம்மா சொல்லச் சொல்ல எழுதிய நாட்களும் வேண்டும்.

அந்த எண்ணிக்கையை எதோடு ஒப்பிடுவது? 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது இருக்க வேண்டும். அது அடிமட்ட வரம்பு. 24 மாதத்தில் 'பால் வேணும்', 'அப்பா வா' என்று இரண்டு சொற்களைத் தானாகச் சேர்க்க வேண்டும். அந்த வயதில் எல்லா மொழியிலும் சேர்த்து 50 சொற்களுக்குக் குறைவாகவோ, இரண்டு சொற்களைச் சேர்க்காமலோ இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். உங்கள் மகளிடம் அம்மா, அப்பா போக நான்கு தமிழ்ச் சொற்கள் உறுதி. கன்னடத்தையும் சேர்த்தால் ஒன்பது, பத்து வரலாம். 20 மாதத்துக்கு இது குறைவான பக்கம்தான், ஆனால் கைமீறிய நிலை இல்லை. பேச்சு தாமதமான குழந்தைகளில் பலர் பிறகு சமவயதினரைப் பிடித்துவிடுகிறார்கள். புரிதல் நன்றாக இருப்பதும், விரல் நீட்டிக் காட்டுவதும் அதற்கு நல்ல அறிகுறிகள். ஆனால் எந்தக் குழந்தை பிடிக்கும், எது பிடிக்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே காத்திருந்து பார்ப்போம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

மாமியார் சொன்னதில் ஒரு செய்தி இருக்கிறது. குழந்தையின் அப்பாவும் தாமதமாகப் பேசியவர் என்பது ஆறுதல் இல்லை. தாமதம் குடும்பத்தில் தொடரலாம் என்பதற்கான குறிப்பு. மருத்துவரிடம் போகும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வசம்பு வேண்டாம். அது பேச்சைக் கொண்டுவராது, வாந்தியைக் கொண்டுவரலாம். நாக்குக்கடியில் இருக்கும் சவ்வை வெட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னாலும் நில்லுங்கள். அந்தச் சவ்வு இறுக்கமாக இருந்தால் ஒருசில ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம். சொற்கள் வராமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

இனி காது. 'தட்டு விழுந்தால் திரும்புகிறாளே, காது நன்றாகத்தானே இருக்கிறது' என்று பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். தட்டு விழும் ஓசை பலமானது. அதிர்வும் சேர்ந்து வரும். பேச்சில் ச, ஸ, த, க போன்ற ஒலிகள் மெல்லியவை, அதிர்வெண் கூடியவை. உயிரொலிகள் மட்டும் நன்றாகக் கேட்டு இந்த ஒலிகள் தேய்ந்து கேட்கும் குழந்தைகள் உண்டு. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் தேங்கினால், தண்ணீருக்கடியில் இருப்பதுபோலப் பேச்சு மங்கிக் கேட்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. இந்த வாரம் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. 'சில நேரம் திரும்புவதில்லை' என்று நீங்கள் எழுதியது இதுவாகவும் இருக்கலாம். படுத்துக்கொண்டே புட்டிப்பால் குடிப்பது காதுத் தொற்றுக்கு ஒரு காரணம் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி பார்ப்பது அவசியம்.

உங்களுக்குப் பக்கத்தில் லிங்கராஜபுரத்தில் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. நிம்ஹான்ஸிலும் பேச்சு, செவித்திறன் பிரிவு உண்டு. குழந்தைகள் நலவாழ்வுக்கான அரசுத் திட்டமான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2013இல் தொடங்கியது. அதன்கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இந்த வகைப் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். உங்கள் அங்கன்வாடிப் பணியாளர் வழிகாட்டுவார். நடுக்காதுக்கு டிம்பனோமெட்ரி, உட்காதுக்கு ஓ.ஏ.ஈ. இரண்டும் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடிபவை. குழந்தை அழாமல் இருந்தால் போதும். தேவைப்பட்டால், ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் பெரா சோதனை எடுப்பார்கள். அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். இங்கேதான் பல குடும்பங்கள் ஒரு நாளை வீணாக்குகின்றன: குழந்தை ஆட்டோவிலேயே தூங்கி, மையத்துக்குப் போனதும் விழித்துக்கொள்ளும். மதியத் தூக்க நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். அன்று காலை ஒரு மணி நேரம் முன்னதாக எழுப்பிவிடுங்கள். வழியில் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வீட்டிலிருந்து ஒருவர் கூட வரட்டும். பாலை வீட்டிலேயே கொடுத்துவிடாமல் அங்கே போய்க் கொடுங்கள்; ஆனால் மயக்க மருந்து தேவைப்படலாம் என்று சொல்லியிருந்தால் எத்தனை மணிக்கு முன் உணவை நிறுத்துவது என்று கேட்டு அதன்படி நடங்கள்.

அதே வாரத்தில் குழந்தை மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் பற்றிய முதல்கட்டச் சோதனை அது. மகள் விரல் நீட்டிக் காட்டுகிறாள் என்பது நல்ல செய்தி. ஆனால் வேண்டியதைக் கேட்பதற்காக மட்டும் காட்டுகிறாளா, அல்லது விமானத்தையும் பசுவையும் 'பார், பார்' என்று உங்களுக்குக் காட்டி உங்கள் முகத்தையும் பார்க்கிறாளா? இரண்டாவது வகை மிக முக்கியம். அதைக் கவனித்துக்கொண்டு போங்கள். இரண்டு, இரத்தத்தில் இரும்புச்சத்து. நான்கு புட்டி என்றால் 800 மில்லி வரை போகலாம். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் பால் போனால் வயிறு நிறைந்து சாப்பாடு குறையும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. உணவிலிருந்து அது உடலில் சேர்வதையும் பால் தடுக்கும். இரத்தசோகை உள்ள குழந்தை சோர்ந்து, ஆர்வம் மங்கி இருக்கும். பேச்சும் கற்றலும் அதில் அடிபடும். புட்டியை ஒன்றரை வயதுக்குள் விட்டிருக்க வேண்டும். இப்போதே டம்ளருக்கு மாற்றுங்கள். முதலில் பகல் புட்டிகள், கடைசியில் படுக்கைப் புட்டி.

பிளே ஸ்கூல் சொன்னதற்கு வருகிறோம். இந்த ஒரு யோசனையால் எத்தனையோ தமிழ் வீடுகள் இந்த ஊரில் மௌனமாகிவிட்டன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் கலப்பது குழப்பம் இல்லை. கையிலிருக்கும் எல்லாச் சொற்களையும் குழந்தை பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைக்கும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும்கூட வீட்டுமொழியை நிறுத்தச் சொல்லும் பழைய வழக்கத்தை இன்று துறை அறிந்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். வீட்டில் இங்கிலீஷ் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன நடக்கும்? 'கம் பேபி', 'சிட்', 'ஈட்', 'நோ நோ', 'வாட் இஸ் திஸ்?' இந்தப் பத்துப் பதினைந்து கட்டளைகளோடு வீட்டுப் பேச்சு நின்றுவிடும். கோபம், கொஞ்சல், கதை, கேலி, 'அய்யய்யோ கொட்டிடுச்சே' எல்லாம் உங்களுக்குத் தமிழில்தான் தானாக வரும். எந்த மொழியில் உங்களுக்கு யோசிக்காமல் பேச்சு ஓடுகிறதோ அந்த மொழியில்தான் குழந்தைக்குச் செழிப்பான பேச்சு கிடைக்கும். திருப்பத்தூரிலிருந்து தாத்தா பாட்டி வீடியோவில் வந்தால் அவர்களோடு உறவாடவும் அதுதான் வழி. இங்கிலீஷ் மூன்று வயதுக்குப் பிறகு பள்ளியில் வரும். கன்னடம் இந்த ஊரின் மொழி. அவளுக்கு அது ஆயாம்மாவிடமிருந்து இலவசமாக, நல்ல உச்சரிப்போடு கிடைத்துக்கொண்டிருக்கிறது. அவர் உங்களுக்காக உடைந்த தமிழில் குழந்தையிடம் பேச முயன்றால் தடுத்து, 'நீங்க உங்க கன்னடத்துலேயே பேசுங்கம்மா' என்று சொல்லுங்கள்.

மொழியின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு நாளில் குழந்தை ஏதாவது செய்து, அதற்கு ஒரு மனிதர் பதில் தந்து, மறுபடி அவள் ஏதாவது செய்யும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். அவள் பார்வை, விரல், முனகல், சிரிப்பு எல்லாமே அவள் முறை. பதில் வந்தால் அடுத்ததை எடுத்து வருவாள். வராவிட்டால் கொஞ்ச நாளில் குறைத்துக்கொள்வாள். 2003இல் அமெரிக்காவில் மொழி ஆய்வாளர் பட்ரீஷியா கூல் குழுவினர் 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். எதிரே உட்கார்ந்து விளையாடிப் பேசியவரிடம் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. திரை குழந்தைக்குப் பதில் சொல்வதில்லை. ஆப்பும் அப்படித்தான். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. உறவினரோடு எப்போதாவது வீடியோவில் பேசுவது மட்டும் விலக்கு, ஏனென்றால் அந்தப் பக்கத்திலிருந்து தாத்தா பதில் சொல்கிறார். ஃபிளாஷ் கார்டை அலமாரியில் வைத்துவிடுங்கள். ஆப்பிள் படத்தைப் பார்த்து 'ஆப்பிள்' என்று ஒப்பிக்கும் குழந்தைக்கு, 'ஆப்பிள் தா' என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இப்போது உங்கள் நாளுக்கு வருவோம். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை, காலையில் ஒரு மணி நேரம். இது போதும், ஆனால் வேறு வேலை நடக்கும்போதே பேச்சும் நடக்க வேண்டும். 'கற்றல் நேரம்' என்று தனியாக ஒதுக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் 20 நிமிடம் போன் பையிலேயே இருக்கட்டும். தரையில் அவள் முகத்துக்கு நேரே உட்காருங்கள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று முதலில் பாருங்கள். நீங்கள் எதையும் எடுத்துக் காட்டாதீர்கள். அவள் மூடியைத் திருகிக்கொண்டிருந்தால் மூடியைப் பற்றிப் பேசுங்கள்: 'மூடி. திருகு, திருகு. வந்துடுச்சு!' பிறகு நிறுத்தி, மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். பெற்றோர் தடுமாறும் இடம் இதுதான். இரண்டு நொடியில் பதில் வராவிட்டால் நாமே நிரப்பிவிடுகிறோம். இந்த வயதுக் குழந்தைக்கு ஒலியைக் கோக்கப் பெரியவர்களைவிட நேரம் அதிகம் வேண்டும். அவள் 'ஊ' என்றாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்ததைச் சொல்லுங்கள்.

அவள் சொன்னதோடு ஒரே ஒரு சொல் கூட்டுங்கள். 'ஆலு' என்றால், 'பால் வேணுமா? பால் சூடு.' 'காக்கா' என்றால், 'காக்கா போச்சு.' அவள் கன்னடத்தில் சொன்னால் 'அது தப்பு, பால்னு சொல்லு' என்று திருத்தாதீர்கள். சொன்னது புரிந்தது என்று காட்டி, உங்கள் மொழியில் தொடருங்கள். 'பால்னு சொன்னாத்தான் தருவேன்' என்று பிடித்து வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதில் குழந்தை கற்பது பேச்சு இல்லை, அழுகை. அதற்குப் பதில் இரண்டு கையிலும் இரண்டைப் பிடித்து, 'வாழைப்பழமா, இட்லியா?' என்று கேட்டுக் காத்திருங்கள். கண்ணால் காட்டினாலும் கொடுத்துவிடுங்கள், பெயரைச் சொல்லிக்கொண்டே.

'இது என்ன? இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் வேண்டாம். ஒரு கேள்விக்கு மூன்று சாதாரணப் பேச்சாவது இருக்கட்டும்.

தமிழில் ஒரு நுணுக்கம். நம் வாக்கியம் வினையில் முடிகிறது. 'செருப்பை எடுத்துக்கிட்டு வா' என்றால் குழந்தையின் காதில் நிற்பது 'வா'. தமிழ்க் குழந்தைகளுக்கு வா, போ, தா, வேணும், இல்ல எல்லாம் சீக்கிரம் வருவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். பொருளின் பெயர் மனதில் பதிய வேண்டுமானால் அதைக் கடைசிக்குக் கொண்டுவாருங்கள். நம் பேச்சுத் தமிழ் அதற்கு இடம் தருகிறது: 'எங்க இருக்கு செருப்பு?' 'இதோ இருக்கு செருப்பு.' இழுத்து, ராகத்தோடு சொல்லுங்கள். கொஞ்சு தமிழில் கெடுதல் இல்லை. அந்த ஏற்ற இறக்கம்தான் குழந்தையின் கவனத்தைப் பிடிக்கிறது. மம்மு, ஜோஜோ, சாச்சி போன்றவை வாய்க்கு எளிதான இரட்டை ஒலிகள். அவற்றை நிறுத்தத் தேவையில்லை, பக்கத்திலேயே 'சாதம்', 'தூக்கம்' என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். ழகரம், ளகரம், றகரம் இப்போது வராது. பல குழந்தைகளுக்குப் பள்ளி வயது வரை எடுக்கும்.

குளியலில் 'ஊத்து, நிறுத்து' என்று சொம்பைப் பிடித்து நிறுத்துங்கள். அவள் பார்த்தாலோ குரல் கொடுத்தாலோ ஊற்றுங்கள். கையில் நண்டு ஊறும் விளையாட்டில் அக்குளுக்குப் போகுமுன் ஒரு கணம் நிற்பீர்களே, அந்த நிறுத்தம்தான் பாடம். துணி மடிக்கும்போது 'அப்பா சட்டை, பாப்பா சட்டை.' மார்கழி, தை மாதங்களில் பெங்களூரு முழுக்க அவரைக்காய் வந்து குவியும். ஊறவைத்த பருப்பைப் பிதுக்குவது விரல்களுக்கு அருமையான வேலை. தமிழில் பிதுக்குகிறோம், ஆயாம்மாவுக்கு அது ஹிதகபேளே. இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் பிதுங்கி வரும் பருப்பு மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் அளவுதான். அதனால் அவளுக்குக் காலித் தொலிகளைப் பிய்க்கக் கொடுங்கள், பருப்புக் கிண்ணம் உங்கள் பக்கம் இருக்கட்டும். பொதுவாக 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குள் கையில் வேண்டாம். வேர்க்கடலை, முழுத் திராட்சை இரண்டையும் நாலு வயது வரை தள்ளி வையுங்கள்.

படுக்கும் முன் புத்தகம். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றிரண்டு போதும். பெங்களூரின் பிரதம் புக்ஸும் சென்னையின் தூலிகாவும் தமிழிலும் இருமொழியிலும் சிறு குழந்தைகளுக்கு வெளியிடுகிறார்கள். எழுத்தைப் படிக்க வேண்டாம். அவள் எந்தப் படத்தில் நிற்கிறாளோ அதைப் பேசுங்கள். மூன்று நிமிடத்தில் எழுந்துபோனால் போகட்டும். குடும்பத்தாரின் பத்துப் புகைப்படங்களை லாமினேட் செய்து கோத்துக் கொடுத்தால், அதைவிட அவள் விரும்பும் புத்தகம் வேறு இருக்காது. ஆயாம்மாவின் படமும் அதில் இருக்கட்டும்.

சாப்பாட்டுப் போனை நிறுத்துவது கடினம். அதனால் தேதி குறித்துச் செய்யுங்கள். அதன் உண்மையான இழப்பைப் பாருங்கள்: மூன்று வேளை, அரை மணி வீதம், ஒன்றரை மணி நேரம் எதிரெதிரே இருந்தும் பேச்சில்லை. 'போதும்', 'இன்னும்', 'சூடு', 'ஊது', 'காரம்' ஆகிய சொற்கள் எல்லாம் பிறக்கும் இடம் தட்டுதான். திரையைப் பார்த்து வாய் திறக்கும் குழந்தைக்குப் பசியும் நிறைவும் தெரிவதில்லை. இருவரும் வீட்டில் இருக்கும் வார இறுதியில் தொடங்குங்கள். சாப்பிடும் இடத்தில் யாரிடமும் போன் இருக்கக் கூடாது, பெரியவர்கள் உட்பட. முந்தைய பாலுக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உங்களோடு தரையில் தட்டு வைத்து, விரல் நீளத்தில் இட்லி, வெந்த கேரட் என்று கையிலேயே கொடுங்கள். 20 நிமிடத்தில் முடித்து எடுத்துவிடுங்கள். கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடாதீர்கள். மூன்று முதல் ஐந்து நாள் குறைவாகச் சாப்பிடுவாள், கத்துவாள். நன்றாக இருக்கும் குழந்தைக்கு அதனால் எடை சரிந்துவிடாது. நான்காம் நாள் பரிதாபப்பட்டுப் போனைக் கொடுத்தால், நான்கு நாள் அழுதால் போன் வரும் என்று அவள் கற்றுக்கொள்வாள். எடை ஏற்கெனவே குறைவு என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பகலில் டிவி ஓடுகிறதா என்று ஆயாம்மாவிடம் கேளுங்கள், விசாரணை தொனியில் இல்லாமல். குழந்தை பார்க்காவிட்டாலும் ஓடும் டிவி பெரியவர் வாயை அடைத்துவிடுகிறது. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், டிவி ஓடும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும் குழந்தை பெரியவர்களிடம் கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்தன. உங்கள் மகளின் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஆயாம்மாவின் கையில்தான். உங்கள் மகளுக்கு இப்போது இருக்கும் முதல் ஆசிரியர் அவர். அப்படியே அவரிடம் சொல்லுங்கள். சமைக்கும்போது குழந்தையைக் கதவருகே உட்காரவைத்து, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். மாலையில் அல்சூர் ஏரிப் பக்கமோ தெருமுனை வரையோ நடத்திக் கூட்டிப்போகட்டும். தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இந்த வயதில் நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடல் அசைவும், மதியத் தூக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேரத் தூக்கமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த அளவு. வீட்டில் அவளுடைய தூக்கம் இரவு பத்தரைக்குத் தள்ளிப்போகிறதென்றால், உங்களோடு இருக்கும் ஆசையில்தான் போகிறது. ஆனாலும் ஒன்பதுக்குள் விளக்கை அணையுங்கள்.

நான்கைந்து வாரத்தில் மாற்றம் தெரியும், ஆனால் சொல்லில் முதலில் தெரியாது. கண்ணைப் பார்ப்பது கூடும், விரல் காட்டுவது கூடும், உளறலில் ராகம் வரும். புரிதலைச் சோதிக்க, 'செருப்பு எங்க?' என்று கேட்கும்போது செருப்பைப் பார்க்காதீர்கள். குழந்தைகள் நம் கண்ணைப் படித்து எடுத்துவருவார்கள். நாம் அதைப் புரிதல் என்று எண்ணி ஏமாந்துபோவோம். இருந்த சொல் ஒன்று மறைந்தாலோ, பார்ப்பதும் சிரிப்பதும் குறைந்தாலோ 24 மாதம் வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போங்கள்.

காதுப் பரிசோதனைக்குப் போகும் நாளில் சொற்களை எழுதிய நோட்டையும், தாய் சேய் பாதுகாப்பு அட்டையையும், அவள் விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோவையும் கையில் வைத்திருங்கள். புது இடத்தில் பெரும்பாலான குழந்தைகள் வாயே திறக்காது. முடிந்தால் ஆயாம்மாவையும் கூட்டிப்போங்கள். உங்களுக்குத் தெரியாத சொற்களை அவர்தான் சொல்ல முடியும்.